தற்காலிகமாக

யுரேனியம் விலை ஏறியதும் எங்கள் மேலாளருக்கு, மூடிய சுரங்கத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளம் புகுந்தபோது, ஆட்களை மேலே எடுக்கச் செலவாகும் என்று அதன் வாயில் கான்கிரீட் கொட்டிய அதே மகான். அனுமதிப் பத்திரத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்றிருந்ததை "தற்காலிகமாக" என்று என்னைத் திருத்தச் சொன்னார்.

"உள்ள கெடக்கறவங்க, சார்?"

"அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்யா. நீ எழுது."

அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆபீஸ் சுவரில் இருந்த சுரங்க லிஃப்டின் மணி மூன்று முறை அடித்தது. ஆள் ஏறியாச்சு, மேலே தூக்கு என்று அர்த்தம். அந்த மணியின் கம்பியைக்கூட அறுத்து விற்றுத் தின்றவர் மேலாளர்.

"நிரந்தரம்னே போட்டுடுய்யா!" என்றார்.

"கையெழுத்து ஆயிடுச்சே, சார்."

மணி மறுபடி அடித்தது. ஷிப்ட் முடிந்தவர்களைக் காக்கவைத்தால் அடிப்பார்களே, அந்த அடி.