கழுத்தில் வெள்ளைக் கோடு

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு பாய்ந்த ஸ்டமாட்டியா, குமாஸ்தாவின் மேசையிலிருந்த புகைப்படத்தில் விரலை அழுத்தினாள்.

"இவன்தான் என் தம்பி லாம்ப்ரோஸ்! எழுதுங்கய்யா!"

அல்பேனியப் போர்முனையில் போன வாரம் எடுத்த சிப்பாய்கள் படம், அன்று காலைதான் அந்தக் கிரேக்கக் கிராமத்துக்கு வந்திருந்தது. அடையாளம் காட்டப்பட்டவனின் பெயர் உயிரோடிருப்போர் பட்டியலில் ஏறும். லாம்ப்ரோஸிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

"மூஞ்சியே கலங்கிக் கெடக்கேம்மா" என்றார் குமாஸ்தா.

"உன் தம்பி என்னிக்குடி இவ்ளோ நேரா நின்னான்?" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு வாசிலிக்கி.

"ஸ்வெட்டரைப் பாருங்க. கருப்பு நூல் பத்தாம கழுத்துக்கு மட்டும் வெள்ளை போட்டேன். என் கையால பின்னினது எனக்குத் தெரியாதா?"

"சரி, இடது கையைக் காணோமே?" என்றார் குமாஸ்தா.

"குளிருக்கு உள்ள இழுத்துக்கிட்டிருப்பான்."

பெயர் ஏறியது. வாசிலிக்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டமாட்டியா கதவைத் தாழிட்டாள். அடுப்போரக் கூடையிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து மடியில் விரித்தாள். கழுத்தில் வெள்ளைக் கோடு இருந்தது. அதன் இடது தோளில் பின்னல் ஊசிகள் செருகியபடியே நின்றன.

அதை அவள் இன்னும் தம்பிக்கு அனுப்பவே இல்லை. இடப்பக்கக் கையைப் பின்ன வேண்டியது பாக்கி.