புகை வரவில்லை

"புகை வருதா பாருங்க சார்!" பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் கத்தினார்.

"ஒரு பொட்டுகூட இல்லைப்பா!" காரின் பின்னாலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்த மனைவி மறுபடி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிவிட்டு உடனே அடங்கியது. "ஐயோ, அண்ணி நமக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களே!" என்று அவள் புலம்பியதில் மெக்கானிக்குக்கே பாவமாக இருந்தது.

நாத்தனார் வீட்டில் பத்து நாள். அங்கே துண்டைக்கூட அவர் சொன்ன மடிப்பில்தான் மடிக்க வேண்டும். சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்று விசாரணை நடக்கும். மாமியாரோ மகள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், எல்லோருக்கும் முன்னால் கீழே இறங்கி வந்து பின்சீட்டில் இடம் பிடித்திருந்தார்.

"பிடிச்சுட்டேன்! டீசல் பைப்புல க்ளிப் லூசு. காத்து உள்ள போகுது. அதான் புகையே இல்லை."

நேற்று குப்பை போடப் போகும் சாக்கில் அந்த க்ளிப்பைத் தளர்த்தியதே அவள்தான். போன மாதம் இதே மெக்கானிக் மாட்டும்போது எட்டிப் பார்த்துக் கற்ற வித்தை. வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவளுக்கு, திருகாணியைத் தளர்த்தத் தெரிந்திருந்தது.

மெக்கானிக் க்ளிப்பை இறுக்கி, பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினார். லீவு போச்சு என்று நினைத்தபடியே அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது, இருமியது, நின்றது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் கை வைத்தது ஒரே இடத்தில்தானே!

"இப்பவும் புகை இல்லையே..." மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே காரின் பின்பக்கம் நடந்தார்.

"ஏம்ப்பா, எஞ்சின் முன்னாடி இருக்கு, நீ அங்க போய் என்னத்தைத் தேடுறே?" மாமியார் ஜன்னல் வழியே அதட்டினார். "பேசாம ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போய் நிதானமா பாரு. எம்பொண்ணு எங்க ஓடிடப் போறா?"

மெக்கானிக் கயிறு எடுக்கப் போனார். கணவன் அக்காவுக்குப் போன் போட்டபடி தள்ளிப் போனான்.

அவளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள், தலையைக் குனிந்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மாமியார் தன்னையே பார்ப்பது தெரிந்தும் தோள் குலுங்குவது நிற்கவில்லை.

பின்சீட்டிலிருந்து அவள் காதருகே ஒரு தலை நீண்டது.

"கழட்டினது நீதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் புகைக்குழாயில துணியை அடைச்சிருக்க மாட்டேனேடி!"