சென்ட்ரல் லாக் சொன்னபடி

ஒரு காருக்கு நாலு கதவு. நாலுக்கும் உத்தரவு போட ஒரு சென்ட்ரல் லாக். அது பழுதாகிவிட, மெக்கானிக் கழற்றிப் போட்டார். அதிலிருந்து கதவுகள் தாங்களாகவே பூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பின்கதவுகளில் ஒன்று ஒருநாள் மறந்துவிட்டது. முதலாளியின் குடை களவு போனது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உன்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றார் அவர். பின்கதவுக்குத் தூக்கமே போனது.

ஒருவழியாகப் புது லாக் வந்தது. முதலாளி சாவியை உள்ளேயே விட்டு இறங்கினார்.

"எல்லாரும் பூட்டுங்க" என்றது புது லாக். நாலும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"ஏம்ப்பா, சாவி உள்ள கிடக்கே" என்று முன்கதவு ஒன்று முணுமுணுத்தது.

வெளியே முதலாளி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கிடக்கட்டும்ண்ணே. பூட்டச் சொன்னது நாம இல்லியே" என்ற பின்கதவு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.