தயிர் சாதம் போதும்

"அந்தப் பக்கத்தப் பாக்காதீங்க சார், உங்களுக்குத் தயிர் சாதம் போதும்!"

சின்னப்பன் விரித்துப் பிடித்திருந்த மெனு கார்டை சர்வர் வெடுக்கென்று பிடுங்கி மூடினார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையின் மேல் 'ரங்கன்' என்று பெயர் குத்தியிருந்தது.

சின்னப்பனுக்குக் காது சூடேறியது. ஏசி ஹாலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் சின்னப்பனும் மனைவி ஜெயம்மாவும் மகள் பத்மினியும் திருப்பதி வந்து இறங்கியிருந்தார்கள். புரட்டாசி சனிக்கிழமை. சைவ ஓட்டல் எல்லாவற்றிலும் தெருவரை கூட்டம். இங்கேதான் இடம் இருந்தது.

"வெஜ், நான்வெஜ் ரெண்டும் போர்டுல போட்டுக்கினு இருக்குது. வா நைனா" என்று பத்மினிதான் இழுத்துவந்தாள். சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. முதல் மாதச் சம்பளம் அவள் கைப்பையில் இருந்தது.

அந்த வேலைக்காக ஜெயம்மா ஒரு வருடம் கவிச்சியைத் தொடவில்லை. முட்டை, கருவாடுகூட இல்லை. இன்று சாயங்காலம் அலிபிரிப் படியேறி, பெருமாளைப் பார்த்து விரதத்தை முடிக்க வேண்டும்.

இரண்டு நிமிடம் முன்புவரை இந்த ரங்கன் நல்லவராகத்தான் இருந்தார். "ஏமி காவாலண்டி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், இவர்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "தமிழா? நானும் தமிழ்தான், ராமகுப்பம்" என்றார்.

"எங்க அம்மாவுக்கு வெஜ் பிரியாணி. ஒரு வருஷமா விரதம். இன்னிக்கு மலையேறி முடிக்கப் போறாங்க" என்று பத்மினி பெருமையாகச் சொன்னாள். ரங்கன் முகத்திலிருந்த சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. அவர் பார்வை ஜெயம்மாவின் வெளுத்துப்போன மஞ்சள் புடவையிலும் செருப்பில்லாத காலிலும் விழுந்தது.

அந்தப் பார்வை சின்னப்பனுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்றவருக்குத் தெரியாதா?

"ஏன், வெஜ் பிரியாணி இல்லியா?" என்றார்.

"இருக்குது சார். நூத்தி நாப்பது ரூபா. தயிர் சாதம் அம்பதுதான்."

"நூத்தி நாப்பதா!" ஜெயம்மா வாயைப் பிளந்தாள். "சிக்கன் பிரியாணி எவ்ளோ?"

"நூத்தம்பதும்மா."

"அப்போ கோழிக்கு வெல பத்து ரூபாதானா? நம்மூர்ல பத்து ரூபாக்கு முட்டகூட ரெண்டுதான் வரும்!"

பத்மினி சிரித்துவிட்டாள். ரங்கன் சிரிக்கவில்லை.

"தோ பாருப்பா" என்றார் சின்னப்பன். "நான் வெல கேட்டனா? எங்களப் பாத்தா துட்டு இல்லாதவங்க மாதிரி இருக்குதா? மூணு வெஜ் பிரியாணி கொண்டா."

"அதுக்கில்ல சார்..." ரங்கன் கல்லாப் பக்கம் பார்த்தார். மேனேஜர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கன் சட்டென்று குனிந்து சின்னப்பனின் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

சின்னப்பன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். "காதுல சொல்லி வெளிய அனுப்பப் பாக்கறியா? எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லு!"

மேனேஜர் வந்துவிட்டார். "ஏமய்யா ரங்கா, இன்னா கலாட்டா?"

"உங்க ஆளுக்கு நாங்க பிரியாணி துன்றது புடிக்கலியாம். தயிர் சாதம் போதுமாம்!"

மேனேஜர் ரங்கனை உற்றுப் பார்த்தார். "வெஜ் பிரியாணி வேணாம்னு சொன்னியா?"

ரங்கன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நைனா, விட்டுரு நைனா. பாவம்" என்று பத்மினி கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. தல குனிஞ்சது எல்லாம் என்னோட போவட்டும். உன் எதிர்ல ஒருத்தன் என்னை மட்டம் தட்டக் கூடாது."

மேனேஜர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "யூனிபார்ம கழட்டி வெச்சுட்டு கெளம்பு. இன்னும் ஒரு வார்த்த பேசின, இந்த மாசச் சம்பளமும் கெடயாது."

"அம்மா, நீங்க..." என்று ரங்கன் ஜெயம்மாவைப் பார்த்து வாயெடுத்தார். மேனேஜரின் கை அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

ஆவி பறக்க மூன்று தட்டுகள் வந்தன.

சின்னப்பனுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு நிமிடம்தான். கண்ணாடிக்கு வெளியே பழைய சட்டையோடு, கையில் ஒரு துணிப்பையோடு ரங்கன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று ஒருமுறை திரும்பி இந்த மேசையைப் பார்த்தார். சின்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமும் கூலிக்காரன், அவனும் கூலிக்காரன். ஒரு பேச்சுக்காக அவன் வயிற்றில் அடித்துவிட்டோமே. கூசியது. சோற்றில் வைத்த கை வாய்க்கு எழவில்லை.

"இன்னா யோசன? துன்னுங்க" என்றாள் ஜெயம்மா. அவள் தட்டு காலியாகியிருந்தது. "ருசி இன்னாமா கீது! இன்னொண்ணு சொல்லுங்க, நானும் பொண்ணும் பாதிப் பாதி துன்னுறோம். படியேறணுமில்ல."

ஒரு வருடம் கழித்து அவள் இப்படி ஆசையாகக் கேட்கிறாள். சின்னப்பன் சுற்றிலும் பார்த்தார். இந்த மேசைக்கு இப்போது சர்வர் இல்லை. தானே எழுந்து சமையலறை வாசலுக்குப் போய், "வெஜ் பிரியாணி ஒண்ணு" என்றார்.

"தோ, ஆச்சு" என்று, கேட்டது யாரென்று திரும்பிப் பார்க்காமலே சொன்ன மாஸ்டர் எதிரிலிருந்த பெரிய அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, சோற்றோடு வந்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப அண்டாவிலேயே போட்டுவிட்டு, மேலே கொஞ்சம் பட்டாணியும் கேரட்டும் தூவித் தட்டை நீட்டினார்.