ஜன்னலுக்கு நேரே ஒரு படிக்கட்டு

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்த நேரம் பார்த்து, மருமகள் படிக்கிற ஜன்னலுக்கு நேரே எந்த மாமியாராவது படிக்கட்டு கட்டுவாளா?

தோன்யா இர்மா கட்டினாள்.

"எதுக்கு அத்தே இப்போ?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள் யாரிட்ஸா.

"மாடி கட்டப் போறேன். மாடிக்குப் படி வேணாமா?"

அவர்கள் ஊரான உமாக்காவோவில் இது ஒன்றும் புதிதில்லை. மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டுவிட்டு, கிடைத்த சொந்தக்காரனைப் பிடித்து, அனுமதியும் இல்லாமல் வரைபடமும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதுதான் ஊர் வழக்கம். இர்மாவுக்குத் தம்பி செயோ இருந்தார். துவரைச் சோறும் குளிர்ந்த பீரும் கொடுத்தால் போதும், மனிதர் கோட்டையே கட்டுவார். அது நிற்குமா என்பது வேறு விஷயம்.

யாரிட்ஸாவுக்குத் தொழிலே கட்டடம்தான். தலைநகர் சான் ஹுவானில் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரைவது அவள். லைசென்ஸ் இல்லாததால், கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்குவது வேறு யாரோ. லைசென்ஸ் பரீட்சையில் மற்ற தாள்களை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். கட்டட விதிகள் வரும் இந்த ஒரு தாள்தான் மூன்று முறை காலை வாரிவிட்டது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடுறேன் எலியேசர். கடைசி வரைக்கும் அடுத்தவங்க பேருக்கே வரைஞ்சுட்டுப் போறேன்." புருஷனிடம் சொல்லும்போதே அழுகை முட்டியது.

"அழாதே. நான் கேள்வி கேக்குறேன், பதில் சொல்லு. படிக்கட்டுக் கைப்பிடி எவ்வளவு உயரம்?"

"காலையிலதான் படிச்சேன்... ஐயோ, மறந்துடுச்சே!"

ஜன்னலுக்கு வெளியே இர்மாவின் குரல் கேட்டது. "யாரிட்ஸா! வந்து பாரு, கைப்பிடி எப்படி இருக்கு?"

முழங்கால் உயரத்தில் இருந்தது.

"யாருக்கு வெச்சிருக்கீங்க, நாய்க்குட்டிக்கா?" யாரிட்ஸா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வெளியே ஓடினாள். "குறைஞ்சது முப்பத்துநாலு அங்குலம் வேணும்! முப்பத்துநாலு!"

"அப்படியா? நீ படிச்சவ, எனக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தாள் இர்மா.

அடுத்த நாள் ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்த படி முட்டி உயரம். ஏறிப் பார்த்த எலியேசர் குப்புற விழுந்தான். யாரிட்ஸா புத்தகத்தோடு வந்து கத்தினாள்.

அதற்கடுத்து கம்பித் தடுப்பு. பக்கத்து வீட்டுச் சேவல் கம்பிகளுக்கு நடுவே நிதானமாக நுழைந்து அந்தப் பக்கம் போய்க் கூவியது.

"சேவல் போற இடத்துல குழந்தை போகாதா? நாலு அங்குலப் பந்துகூட நுழையக் கூடாது அத்தே! நாலு அங்குலம்!"

"கோவிச்சுக்காதே, காப்பி குடி."

பிறகு வாசலில் ஒரு சறுக்குப் பாதை போட்டார்கள். சக்கர நாற்காலிக்காம்! அதில் ஒரு பூசணிக்காய் தப்பித் தவறி உருண்டு நேராகத் தெருவுக்கே போய்விட்டது.

"ஒரு அடி ஏறணும்னா பன்னிரண்டு அடி நீளம் வேணும்!" தெருவே திரும்பிப் பார்த்தது.

அன்று யாரிட்ஸா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா நான் பாஸ் பண்ணக் கூடாதுன்னே பண்றாங்க. எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கல்யாணத்தன்னைக்கே உப்பில்லாத துவரைச் சோறு போட்டவங்கதானே!"

"அது ஒன்பது வருஷம் ஆச்சு..."

"எனக்கு மறக்கலையே!"

எலியேசர் அம்மாவிடம் போய்க் கெஞ்சினான். "கொஞ்ச நாளைக்கு நிறுத்தும்மா."

"நீ உன் வேலையைப் பாரு," என்றாள் இர்மா. "செயோ, அடுத்தது கதவு!"

பரீட்சை நாள் வந்தது. திரையில் கைப்பிடி உயரம் பற்றி ஒரு கேள்வி. யாரிட்ஸாவின் காதில் தன் குரலே கேட்டது: 'முப்பத்துநாலு!' அடுத்து தடுப்புக் கம்பி. சேவல் வந்து கூவியது. சறுக்குப் பாதைக் கேள்வியில் பூசணிக்காய் உருண்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மேற்பார்வையாளர் முறைத்தார்.

பாஸ்!

முடிவைப் பார்த்த கையோடு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். வழியெல்லாம் அவளுக்குப் பெருந்தன்மை பொங்கியது. பாவம் கிழவி, போகட்டும். மன்னித்துவிடலாம். மாடிக்கு நாமே வரைந்து, நம் கையெழுத்தையே போட்டுக் கொடுக்கலாம்.

வீட்டில் செயோ சம்மட்டியால் படிக்கட்டை இடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இடிக்கிறீங்க? மாடிக்கு நானே வரைஞ்சு தரேன்னு ஓடி வரேன்!"

"மாடியா?" இர்மா கேக் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "என் முட்டிக்கு வாசப்படி ஏறவே மூச்சு வாங்குது. மாடி யாருக்கு வேணும்?"

"அப்போ இத்தனை நாள் இந்தப் படிக்கட்டு? அந்தச் சறுக்கு? ஒவ்வொண்ணும் என் பாடத்துல வர்ற தப்பாவே கட்டினீங்களே, எப்படி?"

"தப்பாக் கட்டத் தனியாப் படிக்கணுமா? மனசு போல கட்டுடான்னு செயோகிட்ட விட்டேன். எல்லாமே தப்பாத்தான் வந்துச்சு."

"ஆனா எதுக்கு அத்தே?"

இர்மா ஒரு துண்டு கேக்கை வெட்டி மருமகள் வாயில் திணித்தாள்.

"புஸ்தகத்துல படிச்சது உனக்குச் சாயங்காலமே மறந்துடுது. என்கூடச் சண்டை போட்டது மட்டும் ஒண்ணுகூட மறக்கலையேடி!"