சேவலுக்குத் தேவையான சத்து

தை மாதச் சண்டைக்குச் சேவல்களைப் பழக்க ஆரம்பித்ததிலிருந்து அடைகாத்துக்கொண்டிருந்த கோழி கருப்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டுக் கம்பி வழியே கழுத்தை நீட்டிப் புதுச் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எறகு பளபளன்னு இருந்து என்னத்துக்கு? தாவவே மாட்டேங்குதே! போன வருசத்துச் சேவல் மாதிரி இதுவும் களத்துலயே சாகப்போகுதுக்கா."

"முட்டை குடுத்தா தேறிரும்டி" என்றது பக்கத்துக் கோழி செம்பி.

சேவல்காரருக்கும் அதே யோசனை. கூட்டுக்குள் கைவிட்டு, கருப்பியின் வயிற்றடியிலிருந்த இரண்டு முட்டைகளில் ஒன்றை எடுத்தார். கருப்பி அவர் கையை ரத்தம் வரக் கொத்தியது. நாளெல்லாம் அழுதது.

மறுநாள் அந்தச் சேவல் ஆளுயரம் தாவியது. கோழிக்கூடே ஆரவாரம் செய்தது. சேவல்காரர் மறுபடியும் வந்தார்.

"இன்னும் ஒரு முழம் தாவணும்க்கா" என்ற கருப்பி, சேவலை விட்டுக் கண்ணெடுக்காமல், மிச்சமிருந்த ஒற்றை முட்டையை விட்டெழுந்து ஒதுங்கி நின்றது.