கமிட்டி வந்த நாள்

பொருளாதாரத் துறையில் இரண்டு வருடமாக ஒருவர்கூடச் சேரவில்லை. தரம் பார்க்க வரும் கமிட்டியின் கண்ணில் காலி வகுப்பறை பட்டால் துறையையே மூடிவிடுவார்கள் என்று பயந்து, தாவரவியல் பிள்ளைகளைக் கூட்டிவந்து பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது பேராசிரியர் ஞானசிகாமணி கரும்பலகையில் தேவைக் கோட்டை வரைந்துகொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர் நிறுத்தவில்லை. விலை ஏறினால் வாங்குகிறவன் ஏன் பின்வாங்குகிறான் என்பதைத் தக்காளியை வைத்து விளக்கினார். வேலைக்குச் சேர்ந்த வருடம் சொன்ன அதே ஜோக்கைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். சந்தேகம் கேட்கிறாள்! அவர் இரண்டடி முன்னால் வந்தார்.

"கேளும்மா, பயப்படாம கேளு."

"சார், கமிட்டி அப்பவே போயிருச்சு. எங்களுக்கு லேப் இருக்கு. போகட்டுமா சார்?"

அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, வரைந்த கோட்டின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி வரைந்தார்.

"இது பரீட்சைக்குக் கண்டிப்பா வரும்" என்றார்.